நாயாற்றுக் கரையும் அப்பாவின் இருபது வருஷங்களும்

முல்லைத்தீவுப் பட்டினத்தை விட்டுத் தெற்கு நோக்கிக் கொக்கிளாய்க்குச் செல்லும் கரையோர வீதியிலே, சிலாவத்தை, உடுப்புக்குளம், அளம்பில், செம்மலை ஆகிய கிராமங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து சென்றால், இடப்பக்கத்தில் வங்காள விரிகுடாவும் வலப்பக்கத்தில் பரந்து கிடக்கும் களப்பும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, இரண்டையும் பிரித்து நிற்பவை ஒரு மணல்மேடும் ஒரு பாலமுமே என்னும்படியான ஓரிடம் வருகிறது. அதுதான் நாயாறு. மாரி காலத்தில் காட்டு வெள்ளமெல்லாம் வந்து சேர்ந்து களப்பு நிறைந்து, மணலை உடைத்துக்கொண்டு கடலிலே விழும். கோடையில் அலைகள் மணலைத் திரும்பவும் வாரிக் குவித்து அந்த வாயை ஒடுக்கிவிடும். வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்தக் கீழ்க்கரைக் கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க விடாது. சோளகம் எழுந்து மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களிலோ இங்கே கடல் அடங்கி மீன் படும். ஆகையால் சிலாபம், நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரை ஊர்களிலிருந்து சிங்கள மீனவர்கள் சோளகத்தோடு வந்து, இங்கே வாடி என்னும் தற்காலிகக் குடில் அடித்துத் தொழில் செய்து, வாடை பிறக்குமுன் ஊர் திரும்புவது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இந்த வழக்கத்தை முதலிலேயே சொல்லிவைப்பது அவசியம். ஏனெனில் என் தகப்பனாருடைய சரித்திரத்தில் பாதி அதிலே அடங்கியிருக்கிறது.

அப்பா 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வவுனியாவில், தமது தொண்ணூறாவது வயதிலே காலமானார். காடாத்து முடிந்து அஸ்தியை முல்லைத்தீவுக் கடலிலே கரைத்தபோது, காய்ச்சலாய்க் கிடந்த அம்மாவால் வர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிருத்தியங்கள் முறைப்படி நடந்தேறி, எங்கள் பகுதி வழக்கப்படி கல்வெட்டும் அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் வழங்கப்பட்டது. குலமரபு, கோத்திரம், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன; அவர் நல்ல இஞ்சின் திருத்துநர் என்பதும், பிள்ளையார் பக்தர் என்பதும் இருந்தன. இருபது வருஷம் இந்நாட்டின் கடற்படையிலே சேவை செய்தவர் என்பது மாத்திரம் இல்லை. காலம் எப்படி மாறுமோ, அச்சிட்ட தாள் யார் கைக்குப் போகுமோ என்று அஞ்சிய உறவினர் பெரியவர்கள் அதை எடுத்துவிடும்படி ஆலோசனை கூறியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு அச்சம் ஒரு வித்தையாகவே பழகிப்போன வருஷங்கள் பல உண்டு. ஆனால் அம்மா அந்தச் சிறு புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு, மூடிவைத்து, "எல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கு, பிள்ளை. ஆனால் இதுக்குள்ள இவரைக் காணேல்லை" என்றார்.

ஆட்டைத் திவசத்தை வீட்டில் முடித்துக்கொண்டு நாயாற்றுக்குப் போவது என்று தீர்மானமானது அம்மாவின் விருப்பத்தினாலேயே. எண்பதைத் தாண்டிய தேகம், ஒரு காலில் பழைய காயம். ஆனாலும் நாங்கள் சொன்ன தடைகள் எதையும் அவர் காதில் வாங்கவில்லை. தம்பி வான் ஓட்ட, நானும் அம்மாவும் பின் ஆசனத்தில் அமர்ந்து, விடியற்காலையில் வவுனியாவை விட்டுப் புறப்பட்டோம்.

கண்டி வீதியிலே புளியங்குளம் வரை வடக்கே சென்று, அங்கே கிழக்கே திரும்பி, நெடுங்கேணி வழியாக ஒட்டுசுட்டானை அடைகிற பாதை காடும் வயலும் குளமும் மாறிமாறி வருகிற பாதை. பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காடுகள் யுத்த காலத்தில் எவ்வளவோ அழிந்தும், இன்னும் சில இடங்களில் வீதிக்கு மேலே கிளை கோத்து நிற்கின்றன. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் சந்நிதியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினோம். அம்மா அங்கே நெடுநேரம் நின்றார். திருமணமான புதிதில் அப்பா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் திருகோணமலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இந்த ஆலயத்திலே இறங்கி, கும்பிட்ட பிறகே செம்மலைக்கு வருவாராம். வெள்ளைச் சீருடையில் செம்மண் படியக்கூடாதென்று ஒரு பொதியில் வேட்டி கொண்டுவந்து, கேணிக்கரையில் உடை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்ததாம். "அந்த வெள்ளை உடுப்போட இவரை ஊரில ஒருத்தரும் கண்டதில்லை. நான் கண்டிருக்கிறன்" என்று சொல்லும்போது, அந்த முதிர்ந்த முகத்தில் ஒரு யௌவனப் பெண்ணின் கர்வம் தோன்றி மறைந்தது.

அப்பா சிலாவத்தைக் கரையிலே 1933இல் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயது நடக்கும்போது, 1942 ஏப்ரல் 9ஆந் திகதி, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கி, ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கடலிலே மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அக்கப்பலோடு மாண்டனர். கரையோரம் முழுவதும் அந்தச் செய்தி கதையாகப் பரவிற்று. கட்டுமரமும் வள்ளமும் மாத்திரமே கண்டிருந்த பிள்ளைக்கு, விமானங்களையே முதுகில் ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்று நம் கடலிலே ஓடிற்று என்பதும், அத்தகைய கப்பலும் மூழ்கும் என்பதும் ஒருங்கே மனத்தில் பதிந்து, கப்பலின் வயிற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே தீரவேண்டும் என்ற ஆசை அன்றைக்கே உண்டாயிற்று என்று அவர் சொல்லியதை நான் சிறு வயதில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

1938ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சிறிய தொண்டர் படையாக ஆரம்பித்து, மகா யுத்த காலத்திலே பிரித்தானியக் கடற்படையின் துணைப் பிரிவாக வளர்ந்து, சுதந்திரத்தின் பின்னர் 1950 டிசம்பர் 9ஆந் திகதி சட்டப்படி நிறுவப்பட்ட றோயல் சிலோன் நேவியிலே அப்பா சேர்ந்தது 1953இல். முல்லைத்தீவு உப்புக்காற்றிலே வளர்ந்தவர் தியத்தலாவை மலைக்குளிரிலே பயிற்சி பெற்றார். பின்னர் விஜய என்னும் கப்பலிலே கொதிகல அறையில் வேலை. இலங்கைக் கடற்படையின் முதற் கப்பல் அதுவே. முன்பு ஃபிளையிங் ஃபிஷ் என்ற பெயரோடு பிரித்தானியரிடம் இருந்த கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலிலே பகைவர் இட்டுவைத்த வெடிகண்ணிகளை அகற்றுவதற்கென்று கட்டப்பட்டது. பிற்பாடு கனடாவிலே கட்டப்பட்டு இஸ்ரேல் வழியாக வந்து சேர்ந்த கஜபாகு, மகாசேன என்னும் கப்பல்களிலும் அவர் காலம் கழிந்தது.

கொதிகல அறையைப் பற்றி அப்பா விவரிப்பதைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. எண்ணெய் எரிந்து, குழாய்களுக்குள்ளே ஓடும் நீர் ஆவியாகி, அந்த ஆவியின் வேகத்திலே கப்பலின் இயந்திரம் இயங்கும். அந்த வெப்பத்திலே நான்கு மணி நேரம் முறை வைத்து நிற்பவனுடைய பிரதான கடமை, கண்ணாடிக் குழாய் ஒன்றிலே தெரியும் நீர்மட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காதிருப்பது. நீர்மட்டம் தாழ்ந்தால் குழாய்கள் காய்ந்து சிவந்து வெடிக்கும். மிஞ்சினால் ஆவியோடு நீர் கலந்து போய் இயந்திரத்தை நாசமாக்கும். மேல்தளத்தில் நிற்பவனுக்குக் கடல் தெரியும், கரை தெரியும், நட்சத்திரம் தெரியும். கீழே நிற்பவனுக்குக் கண்ணாடிக் குழாயும் இயந்திரத்தின் ஓசையுமே உலகம். அவ்வோசையிலிருந்து கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது, அலை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, திரும்புகிறதா, நிற்கப்போகிறதா என்பதையெல்லாம் அறிந்துகொள்ளப் பழகிய காது அப்பாவினுடையது. இதை நான் விஸ்தரித்துச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

அக்காலத்துக் கடற்படை எப்படிப்பட்டது என்பதை இக்காலத்துத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வது எளிதன்று. 1960 முதல் 1970 வரை அதன் தளபதியாக இருந்தவர் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தவரான றியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர், பின்னாளில் வெளிவிவகார அமைச்சராயிருந்த லக்ஷ்மன் கதிர்காமரின் தமையனார். காரைநகர்த் தளத்துக்கு எல்லாளனின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதே சமயத்தில், 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும், 1958ஆம் ஆண்டின் கலவரமும் கப்பலின் இரும்புச் சுவர்களுக்கு வெளியே நின்றுவிடவில்லை. திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியர் 1957 அக்டோபரில் ஒப்படைத்துச் சென்ற நாளிலே, நம் கொடி ஏறியது கண்டு எல்லோரோடும் சேர்ந்து ஆனந்தப்பட்டவர் அப்பா. அடுத்த வருஷமே விடுமுறையில் ஊருக்கு வர வழியின்றித் தளத்துக்குள்ளே இருந்தவரும் அவரே. அவருடைய அறைத் தோழர்களான சிங்கள இளைஞர்கள் அந்நாட்களில் தமக்குச் செய்த உதவியை அவர் இறக்கும்வரை மறக்கவில்லை. அதே வேளையில், பதவி உயர்வுக்கான பரீட்சையைத் தாம் நன்கு அறியாத மொழியில் எழுத நேர்ந்த அவமானத்தையும் மறக்கவில்லை. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். 1972இல் நாடு குடியரசாகி, கடற்படையும் பெயர் மாறி, அடுத்த வருஷம் அவருடைய சேவைக் காலமும் நிறைவுற்றபோது, ஓய்வுபெற்றுக்கொண்டு அம்மாவின் ஊருக்கு அண்மையிலே, நாயாற்றில், ஒரு கொட்டில் போட்டு மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்தத் தொடங்கினார்.

ஊரார் அவரை 'நேவி அண்ணை' என்றார்கள். சங்கதி பரவ அதிக நாட் செல்லவில்லை. அப்போது கண்ணாடி நார்ப் படகுகளும், மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இஞ்சின்களும் கரைக்கு வந்துகொண்டிருந்த காலம். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த இஞ்சின்களில் கரி படிந்து பிளக் அடைத்துக்கொள்ளும். உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டு, கழற்றாமலே நோய் சொல்வார் அப்பா. செம்மலை, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர்கள் வந்தார்கள். சோளகத்தில் வாடி அடித்த சிலாபத்துச் சிங்களவர்களும் வந்தார்கள். அவர்களோடு கடற்படையில் கற்ற சிங்களத்திலே பேசுவார். கூலியாக மீனையே தருபவர்கள் அதிகம். வாடிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வலை சம்பந்தமாக வழக்கு வந்தால், கொட்டிலுக்கு முன்னால் இருந்த பூவரசு நிழலில் வைத்துத் தீர்த்துவைத்ததும் உண்டு. என்னுடைய பால்யத்தின் சுகமெல்லாம் அந்த நிழலிலும், அந்த மண்ணெண்ணெய் வாசனையிலும் இருக்கிறது.

அம்மாவுக்கும் அவருக்கும் இருந்த உறவைப் பற்றிப் பிள்ளை எழுதுவது முறையோ என்னவோ. ஆனால் இவ்வளவு சொல்லலாம். கப்பலிலே இருந்த காலத்தில் மாதத்திற்கொரு முறை கடிதம் எழுதியவர், ஓய்வுபெற்று வீட்டோடு இருந்த பின்னும் தம் மனைவியை 'நீர்' என்று மரியாதையாகவே அழைத்தார். அடுப்படிக்கு விறகு கொத்தாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. கொட்டிலிலிருந்து வந்து, எண்ணெய்க் கையைத் தேங்காய்ப்பொச்சும் மணலும் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகே பிள்ளைகளைத் தொடுவார். கோபம் வந்தால் பேசாமல் கடற்கரைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கோபம் இருக்காது.

முள்ளியவளையில் வான் நின்றது. 1984க்குப் பிறகு நாங்கள் நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்த இடம் அது. அந்த மார்கழியை இங்கே சொல்லாமல் அப்பாலே செல்ல முடியாது. 1984 நவம்பர் 30ஆந் திகதி கென்ற், டொலர் பண்ணைகளிலும், மறுநாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதல்களிலே சிங்களக் குடியேற்றவாசிகளும் மீனவக் குடும்பத்தினரும், பெண்களும் குழந்தைகளும் அடங்கலாக, கொல்லப்பட்டார்கள். அதன்பின் அதே மாதத்திலே தமிழ்க் குடிகள் பலர் கொல்லப்பட, கொக்கிளாய் முதல் நாயாறு, செம்மலை வரை பரம்பரையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இராணுவத்தாரால் வெளியேற்றப்பட்டன. இரண்டு பக்கத்துப் பிரேதங்களுக்கும் நடுவே நின்றது எங்கள் கொட்டில். சிலாபத்து மீனவர் இருவருடைய இஞ்சின்கள் அன்று திருத்தத்துக்காக அங்கே கிடந்தன. உடையவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று அறியும் வழியில்லை. நாங்கள் பாயையும் பானையையும் கட்டிக்கொண்டிருக்க, அப்பா அந்த இரண்டு இஞ்சின்களுக்கும் கிறீஸ் பூசி, சாக்கிலே சுற்றி, மூலையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்த பிறகே வந்தார். வந்தவர் முள்ளியவளை சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாளோடு 'நேவி அண்ணை' என்று அவரை அழைப்பதை ஊரார் நிறுத்திவிட்டார்கள். பிற்காலத்தவர்களுக்கு அவர் 'இஞ்சின் ஐயா'.

முள்ளியவளை வாசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருள் தடை இருந்த வருஷங்களிலே, ஒரு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய வன்னியிலே, அப்பாவின் கைக்கு ஓய்வே கிடையாது. 2004 மார்கழி ஆழிப்பேரலை முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் மூவாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது, அவர் கரைக்குப் போய்ப் பிரேதம் எடுக்கும் வேலையிலே பங்குகொண்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று.

பட்டினத்தைத் தாண்டித் தெற்கே திரும்பியபோது உச்சிவேளை ஆகிவிட்டது. வடக்கே வட்டுவாகலில் இருக்கும் கடற்படைத் தளத்தை அம்மா பார்க்கவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை. அளம்பில் கடந்ததும் பனையும் தென்னையும் குறைந்து, வெண்மணலும் அடம்பன் கொடியும் ஆரம்பிக்கின்றன. செம்மலையில் அம்மாவின் தாய்வீடு இருந்த வளவு இப்போது ஒரு தூரத்து உறவினர் வசம். அவர்கள் இளநீர் வெட்டித் தந்து, சோறு தின்றுவிட்டுப் போகும்படி வற்புறுத்தினார்கள். நாயாற்றங்கரைக்குச் சமீபத்திலே நீராவியடிப் பிள்ளையார் ஆலயம் இருக்கிறது. அப்பா கும்பிட்ட பிள்ளையார் அது. அவ்விடம் சம்பந்தமான வழக்கும், 2019 செப்டம்பரில் நீதிமன்றக் கட்டளையையும் மீறி ஆலயக் கேணிக்கு அருகில் ஒரு பிக்குவின் பிரேதம் தகனம் செய்யப்பட்டதும் பத்திரிகை வாசிப்பவர்கள் அறிந்தவையே. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை இருப்பவர்களுடைய உரிமையை மிதிக்கும் கருவியாகலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அம்மா ஒரு தேங்காய் உடைத்தார். சிதறிய பாதியை எடுத்துத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பாலத்தருகே இறங்கினோம். சோளக காலமாதலால் கரையிலே வாடிகள் நிறைந்திருந்தன. சிங்களப் பேச்சும் தமிழ்ப் பேச்சும் காற்றிலே கலந்து வந்தன. ஆனால் என் பால்யத்தில் நான் கண்ட கலப்பு அன்று இது. 2018 ஆகஸ்டிலே இதே நாயாற்றில் தமிழ் மீனவர்களுடைய வாடிகளும் படகுகளும் வலைகளும் இரவோடிரவாக எரிக்கப்பட்டன. அந்தச் சாம்பல் ஆறிவிட்டாலும், இரண்டு பகுதியாரும் தனித்தனியே வள்ளம் இறக்குகிறார்கள், தனித்தனியே மீன் விற்கிறார்கள். கடல் எல்லோருக்கும் பொது என்று சொல்வது சுலபம். அனுமதிப் பத்திரமும், வலையின் கண்ணளவும், கரையிலே வாடி அடிக்கும் உரிமையும் ஒரே நியாயத்தின் கீழ் வராத இடத்திலே அந்தப் பேச்சு பசித்தவன் வயிற்றை நிறைக்காது. அப்பா இருந்த நாளில் பூவரசு நிழலில் தீர்ந்த வழக்குகள், இப்போது திணைக்களத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வருஷக்கணக்காகக் கிடக்கின்றன.

கொட்டில் இருந்த இடத்தை அம்மாவே கண்டுபிடித்தார். பூவரசு இல்லை. கிணற்றின் கட்டு மாத்திரம் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. உள்ளே விளிம்புவரை மணல். ஆழிப்பேரலை நிரப்பிய மணல் என்று பக்கத்து வாடியிலிருந்து வந்த தமிழ் வாலிபர் ஒருவர் சொன்னார். அவருக்கு அப்பாவைத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. அவர் பிறந்தபோது நாங்கள் இந்த மண்ணை விட்டுப் பதினைந்து வருஷம் கடந்திருக்கும். ஆயினும், "அம்மா, நிழலுக்க வந்து இருங்கோ" என்று அழைத்துப் போய்த் தம் வாடியிலே ஓலைப்பாய் விரித்து, பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.

அங்கே, அந்த ஓலைப்பாயில், கடலைப் பார்த்தபடி அம்மா சொன்ன விஷயத்தைக் கேட்கவே இந்தப் பிரயாணம் நேர்ந்தது என்று நான் நம்புகிறேன். அதுவரை எங்கள் இருவருக்கும் முழுவதும் சொல்லப்படாத சங்கதி அது.

இறுதி யுத்தம் நடந்த 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் நானும் தம்பியும் வெவ்வேறு இடங்களில் அகப்பட்டுப் பிரிந்திருக்க, அம்மாவும் அப்பாவும் மாத்தளனில் ஒரு தறப்பாளின் கீழ் இருந்தார்கள். பங்குனி மாதத்தில் ஷெல் துண்டு பட்டு அம்மாவின் கால் எலும்பு முறிந்தது. காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல் கடல்வழியாக அழைத்துச் சென்ற நாட்கள் அவை. கப்பல் கரைக்கு வரமுடியாது, ஆழத்தில் நிற்கும், மீன்பிடிப் படகுகளிலே காயக்காரரைக் கொண்டுபோய் ஏற்றவேண்டும். துணைக்கு ஒருவராக அப்பாவையும் ஏறவிட்டார்கள். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, எழுபத்தாறை நெருங்கிய வயதில், அவர் மறுபடியும் ஒரு கப்பலில் கால் வைத்தார். ஆவிக் கொதிகலம் இல்லை, டீசல் இஞ்சின். காயக்காரருக்கு நடுவே தளத்தின் இரும்பிலே அம்மாவின் தலைமாட்டில் குந்தியிருந்தார். சுற்றிலும் முனகலும் இரத்தமும். வெளியே ஒன்றும் தெரியாது. கப்பல் புறப்பட்டு நெடுநேரம் பேசாதிருந்தவர், உள்ளங்கையைத் தளத்திலே பதித்துக்கொண்டு, ஓசையைக் கேட்டுக் கேட்டு, மெல்லக் குனிந்து அம்மாவிடம் சொன்னாராம்: "இப்ப அளம்பில் தாண்டியிருப்பம். இன்னும் கொஞ்ச நேரத்தில உம்மட வலக்கைப் பக்கம் நாயாறு." சிறிது நேரம் கழித்து, "இதுதான்" என்றாராம். அம்மா வலக்கையைத் தூக்க முயன்றார், முடியவில்லை, அப்பா அந்தக் கையை எடுத்து, கரை இருக்கும் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

புல்மோட்டையில் இறக்கினார்கள், அங்கே இந்திய வைத்தியர்கள் கள வைத்தியசாலை அமைத்திருந்தார்கள். காயக்காரரை இறக்கும் வேலையில் நின்ற கடற்படை வாலிபன் ஒருவனிடம் அப்பா சிங்களத்திலே, முறிந்த காலைத் தொங்கவிடாமல் இப்படித் தூக்கு என்று சொல்லிக் காட்ட, அவன் சொன்னபடியே செய்தானாம். தாமும் அதே படையிலே இருபது வருஷம் இருந்தவர் என்று அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று பின்னொரு நாள் அம்மா கேட்டதற்கு, "அவன் உம்மட காலைப் பாக்கட்டும் எண்டு விட்டிட்டன்" என்றாராம் அப்பா. பின்னர் இடம்பெயர்ந்தோர் அடைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமிலும் அந்தக் கதையைச் சொல்லி ஒரு வாளி தண்ணீர் முன்வரிசையில் வாங்கியதில்லை. கடற்படைச் சேவைப் பத்திரம் இருந்த தகரப்பெட்டி மாத்தளன் மணலிலே போனது போனதுதான்.

இதைச் சொல்லி முடித்து அம்மா தேநீரைக் குடித்தார். தம்பி எழுந்து வெளியே போய் நின்றான். நான் அழுதேன்; அதற்கு நான் வெட்கப்படவில்லை.

பொழுது சாயுமுன் கொக்குத்தொடுவாய் வரை போய் வரலாமென்று தம்பி சொன்னான். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அங்கே 2023 ஆனியில் தண்ணீர்க் குழாய் புதைக்க வெட்டிய குழியிலே மனித எலும்புகள் வெளிப்பட்டு, பின்னர் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வு முடிவதற்குள் 52 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டன. அப்பா வவுனியாவில் காலமானதும், அந்தக் குழி திறந்ததும் ஒரே மாதத்தில். எங்கள் வீட்டிலே மூன்று வேளையும் பால் பருக்க ஆள் இருந்தது. கண்ணை மூடியபோது இமையை அழுத்த மனைவியின் கை இருந்தது. தேவாரம் ஓதவும், கொள்ளி வைக்கவும், கல்வெட்டு அச்சிடவும் சனம் இருந்தது. பக்கத்துக் கிராமத்து மண்ணுக்குள்ளே கிடந்தவர்களைத் தேடி, புகைப்படத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு இன்னும் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு இவற்றில் ஒன்றேனும் கிடைக்கவில்லை. எங்கள் துக்கம் பூரணமான துக்கம். அது ஒரு பாக்கியம் என்று அம்மா சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

திரும்பும் வழியிலே அம்மா ஒரு காரியம் கேட்டார். கல்வெட்டிலே விடுபட்டதை நீ எழுது, பயப்படாமல் எழுது, அவர் வேலை செய்த கப்பல்களின் பெயரையும் எழுது என்றார். விஜய, கஜபாகு, மகாசேன என்று தாமே விரல் மடக்கிச் சொன்னார். அந்தக் கட்டளையை நிறைவேற்றவே இக்கட்டுரை.

1950களிலும் 60களிலும் இந்நாட்டுக் கடற்படையிலே கொதிகலம் காத்தும், கொடி காட்டியும், சமையல் செய்தும் சேவித்த தமிழ் மாலுமிகள் அப்பா ஒருவர் மாத்திரம் அல்லர். வல்வெட்டித்துறையிலும் மன்னாரிலும் திருகோணமலையிலும், கடல் கடந்து லண்டனிலும் டொரொன்டோவிலும், எண்பதும் தொண்ணூறும் கண்ட முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கக்கூடும். அவர்களுடைய மனைவியர் இருக்கக்கூடும். ஒரு பக்கத்தார் அவர்களைச் சிங்கள அரசின் சேவகர்கள் என்று ஒதுக்கினார்கள். மறுபக்கத்தார் தமிழர் என்பதனால் தம் சரித்திரத்திலிருந்து விட்டுவிட்டார்கள். வாசகர்களில் எவர் வீட்டிலேனும் அத்தகைய பெரியவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கப்பல், எந்த வருஷம், யாரோடு என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் பெயர்களையும் குறித்து வையுங்கள்.